வலது டிராக்கில் எவ்வளவு நேரம் இருக்கலாம்? வாளையார் வழி ஓட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கோவைப் பக்கம் கே.ஜி.சாவடியிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கி 11 வருடம் ஆகிறது. முதல் ஐந்து வருடம் பைக்கில் போனேன், அப்புறம் கார். தமிழ்நாடு–கேரள எல்லையான வாளையார் தாண்டும்போது பெயர்ப் பலகைகளின் எழுத்துதான் மாறுகிறது. சண்டை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றேதான். ஒருவர் வலது டிராக்கில் 60-இல் போய்க்கொண்டே இருப்பார். பின்னால் இன்னொருவர் ஹெட்லைட் அடித்து, ஹாரன் அடித்து, பம்பரை முட்டுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டு வருவார். முன்னால் போகிறவருக்கு வீம்பு, பின்னால் வருகிறவருக்கு ஆத்திரம். டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒருவர் தமிழிலும் இன்னொருவர் மலையாளத்திலும் திட்டிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் எல்லா வார்த்தையும் புரியும்.

இதை எழுதுவது இரண்டு பேருக்காகவும்தான். வேகமாகப் போகிறவருக்கும் நிதானமாகப் போகிறவருக்கும் ஒரே ரோட்டில் இடம் உண்டு. அந்த இடத்தை எப்படிக் கேட்பது, எப்படிக் கொடுப்பது என்பதுதான் நமக்கு யாரும் சொல்லித்தராமல் விட்டுப்போனது. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய அன்று எனக்கும் யாரும் சொல்லவில்லை.

முதலில், வலது டிராக் எதற்கு என்று தெளிவாகிக்கொள்ளுங்கள்

நடுவில் மீடியன் வைத்த நான்கு வழிச் சாலையில் நம் பக்கம் இரண்டு டிராக். இடது டிராக் ஓடுவதற்கு. வலது டிராக் முந்துவதற்கும், வலது பக்கம் திரும்புவதற்கும். முந்தி முடித்ததும் இடதுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். 'வேகமாகப் போகிறவர்களின் டிராக்' என்று அதைச் சொல்வது பாதித் தவறு. 100-இல் போகிறவரும் முந்த ஆள் இல்லாதபோது இடதில்தான் போக வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளின் அடிப்படையும் இதுதான். இடது ஓரமாகப் போ, வலது பக்கமாக முந்து, டிராக் மாறும் முன் சிக்னல் காட்டு. இன்னொன்றையும் அந்த விதிகள் சொல்கின்றன. உங்களை ஒருவர் முந்தும்போது நீங்கள் வேகத்தைக் கூட்டக் கூடாது, அவரைத் தடுக்கவும் கூடாது. இந்த ஒரு வரி தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒரு வண்டி ஏறி வந்தால் நம் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்துகிறது. அந்தக் காலைக் கவனியுங்கள்.

ஏன் டிராக் பிரித்தே ஓட்ட வேண்டும்? ஒரே ரோட்டில் சட்டமே பல வேகங்களை அனுமதித்திருக்கிறது. மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி நான்கு வழிச் சாலையில் காருக்கு உச்ச வேகம் 100, சரக்கு லாரிக்கு 80. கேரளம் 2023 ஜூலை 1 முதல் தன் வேக வரம்புகளைத் திருத்தியது. அங்கே நான்கு வழி தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு 100. பைக்குக்கு எந்த ரோட்டிலும் 60-க்கு மேல் கிடையாது. அதாவது வாளையாரைத் தாண்டியதும், சட்டப்படி 100-இல் வரும் காரும் சட்டப்படி 60-இல் போகும் பைக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு பேரும் தப்பு செய்யவில்லை. இடம் மாறி நின்றால் மட்டும்தான் பிரச்சினை.

லாரிக்காரர் ஏன் இடதுக்கு வருவதில்லை?

நானும் வருடக்கணக்கில் லாரிக்காரர்களைத் திட்டியவன். ஒரு மழைநாளில் வாளையாரில் டீக்கடையில் ஒதுங்கியபோது, பக்கத்தில் ஒரு லாரி ஓட்டுநர் நின்றிருந்தார். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லோடு, திருச்சூருக்குப் போகிறது. "ஏண்ணா எல்லாரும் ரைட்டுலயே போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு, விரலை மடக்கிச் சொன்னார். "லெஃப்ட்ல ராங் சைடுல பைக் வருவான். பஸ்ஸு ஸ்டாப்புல நடுரோட்டுல நிக்கும். பிரேக் டவுன் வண்டி லைட்டு இல்லாம நிக்கும். சர்வீஸ் ரோட்டுல இருந்து ஆட்டோ பாக்காம ஏறுவான். பதினஞ்சு டன்ன வச்சுக்கிட்டு நான் எத்தன தடவ பிரேக் போடறது, தம்பி? ஒரு தடவ நின்னா மறுபடி எடுக்கறதுக்குள்ள பத்து வண்டி திட்டிட்டுப் போயிரும்."

அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. நவக்கரைப் பக்கமும் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைப் பக்கமும் இடது டிராக்கில் போய்ப் பாருங்கள், தெரியும். ஆனாலும் அது வலதில் நிலையாக இருப்பதற்குக் காரணம் ஆகாது. இடதில் தடை தெரியும்போது வலதுக்கு வந்து, தாண்டியதும் திரும்பினால் போதும். அதை அவரிடமும் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "ஹாரன் அடிக்காம லைட்டப் போடு தம்பி, நகந்துருவேன்" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். நான் பின்னால் வருவது தெரிய வேண்டும், ஒதுங்கச் சில வினாடி வேண்டும்.

நான்கு வழிச் சாலையில் முந்தும் முறை

இதை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் வரிசை முக்கியம்.

முதலில் இடைவெளி. முன் வண்டி ஒரு கம்பத்தையோ பாலத்தையோ கடக்கும்போது 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று' என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால், ரொம்பக் கிட்டே இருக்கிறீர்கள். 80-இல் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது, 100-இல் 28 மீட்டர். ஒட்டிக்கொண்டு போனால் முன்னால் ரோடு தெரியாது. லாரியின் பின்கதவு மட்டும்தான் தெரியும். பின்னால் விலகி இருப்பவருக்குத்தான் முந்த வழி தெரியும்.

அடுத்தது கண்ணாடி. உள்கண்ணாடி, வலது கண்ணாடி, அப்புறம் தலையைத் திருப்பி வலது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. அந்த மூன்றாவதைத் தவறவிட்டால் நீங்கள் முந்தக் கிளம்பும் அதே நேரத்தில் உங்களை முந்திக்கொண்டிருக்கும் பைக் தெரியாது.

பிறகு இண்டிகேட்டர். திரும்பிக்கொண்டே போடுவது அறிவிப்பு ஆகாது. போட்டுவிட்டு மூன்று துடிப்பு காத்திருங்கள், அப்புறம் நகருங்கள்.

முன் வண்டி வலதிலேயே இருக்கிறது என்றால், விலகி நின்றே ஒரு முறை லைட் அடியுங்கள். ஐந்து வினாடி காத்திருங்கள். அசையவில்லை என்றால் சின்னதாக ஒரு ஹாரன். அதற்கும் அசையாவிட்டால் அவருக்கு இடதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இருக்காது. அவருக்கு முன்னால் இன்னும் நான்கு வண்டி வரிசையாக இருக்கும், அவர் மட்டும் நகர்ந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

முந்தும்போது லாரியின் பக்கவாட்டில் தங்கி ஓட்டாதீர்கள். அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்களையும் அவருக்குத் தெரியாது. ஏறினால் ஒரே மூச்சில் கடந்துவிட வேண்டும். கடந்த பிறகு உடனே இடதுக்கு வெட்டக் கூடாது. உள்கண்ணாடியில் அந்த லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் முழுதாகத் தெரிந்த பிறகு இண்டிகேட்டர் போட்டு வாருங்கள். லோடு லாரி நம் காரைப் போல நிற்காது. அதன் மூக்குக்கு முன்னால் கட் அடிப்பது, அவர் பிரேக் மீது நம் உயிரை வைப்பது.

லாரி லாரியை முந்தும்போது பின்னால் இருப்பவர்களுக்கு வரும் கோபத்துக்குக் கணக்கு இருக்கிறது. ஆளுக்கு 12 மீட்டர் நீளம், முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி என்றால் 64 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஒருவர் 60, இன்னொருவர் 65 என்றால் வித்தியாசம் 5 கிலோமீட்டர்தான். கடக்க முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அதற்குள் முந்துகிற லாரி 800 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். லாரி ஓட்டுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: வித்தியாசம் 10 கூட இல்லை என்றால், பின்னால் கண்ணாடியில் வண்டிகள் நிற்கும்போது கிளம்பாதீர்கள். முந்தப்படுகிற லாரிக்காரர் காலை லேசாக எடுத்தாலே இந்த முக்கால் நிமிடம் இருபது வினாடி ஆகிவிடும்.

இடது பக்கமாக முந்தலாமா?

விதி வலது பக்கம் என்கிறது. முன் வண்டி வலதில் திரும்ப சிக்னல் காட்டி நடுவுக்கு வந்துவிட்டால் இடது பக்கமாகக் கடக்கலாம். வலதில் ஒருவர் அசையாமல் போகிறார் என்பதற்காக இடதில் சீறிக்கொண்டு போவதுதான் ஆபத்து. இத்தனை நேரம் ஒதுங்காதவர் உங்கள் லைட்டைப் பார்த்து ஒதுங்கப்போவதும் அதே வினாடியில்தான் நடக்கும். இடது டிராக் வெகுதூரம் காலியாக இருந்து, உங்கள் டிராக்கில் நீங்கள் சீராகப் போகும்போது அவரைத் தாண்ட நேர்ந்தால், வேகம் கூட்டாமல், ஹாரன் தொட்டு, அவருடைய முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள். சக்கரம் திரும்பினால் அவர் வருகிறார் என்று அர்த்தம்.

நிதானமாகப் போகிறவர் செய்ய வேண்டியது

"நான் சட்டப்படி 100-இல் போகிறேன், எனக்குப் பின்னால் வருபவன்தான் தப்பு செய்கிறான், நான் ஏன் ஒதுங்க வேண்டும்?" இந்தக் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன். வேகத்தைப் பிடிக்க கேமராக்கள் இருக்கின்றன. அந்த வேலை நம்முடையது இல்லை. நம் பின்னால் ஆத்திரத்தில் ஒருவர் இருப்பதைவிட நமக்கு முன்னால் போய்விடுவது நமக்குப் பாதுகாப்பு.

எட்டுப் பத்து வினாடிக்கு ஒரு முறை உள்கண்ணாடியைப் பாருங்கள். வலதில் இருக்கும்போது பின்னால் ஒரு வண்டி பெரிதாகிக்கொண்டே வருகிறது என்றால், லைட் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முந்தி முடித்ததும் இடது இண்டிகேட்டர் போட்டுவிட்டால் அவருக்குப் புரியும். இண்டிகேட்டர் போட்டுவிட்டு இடம் கிடைக்க அரை நிமிடம் ஆனால்கூட அவர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார். கவனிக்கப்படாததுதான் மனிதனுக்குக் கோபம் தருகிறது.

ஒதுங்குகிறேன் என்று பதற்றத்தில் பார்க்காமல் இடதுக்குப் போகவும் வேண்டாம். இடதில் பைக் இருக்கும். வண்டியின் இடது பக்கம்தான் ஓட்டுநருக்குக் குறைவாகத் தெரிகிற பக்கம். ஹாரன் எவ்வளவு அடித்தாலும், உங்களுக்குப் பாதுகாப்பான இடம் கிடைத்த பிறகு ஒதுங்கினால் போதும். புதிதாக ஓட்டுபவர்களுக்கும் பெண்களுக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களைத்தான் ஹாரனால் விரட்டுகிறார்கள்.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு மட்டும் காத்திருப்பு கிடையாது. வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது.

இரண்டு வழி ரோடு: பொள்ளாச்சி–பாலக்காடு

இங்கே வலது பக்கம் என்பது எதிரே வருகிறவரின் ரோடு. கோபாலபுரம் தாண்டி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். அதிகாலையில் சித்தூர் வட்டாரத்திலிருந்து கேரளம் முழுக்கக் கள்ளு கொண்டுபோகும் பிக்கப் வண்டிகள், வைக்கோல் ஏற்றிய டிராக்டர், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வரும் மாடு ஏற்றிய லாரி, நடுவில் நேரத்தைப் பிடிக்க ஓடும் தனியார் பஸ்.

கணக்கைப் பாருங்கள். 50-இல் போகும் லாரியை 80-இல் முந்த ஏறக்குறைய 7 வினாடி. அதற்குள் நீங்கள் 155 மீட்டர் ஓடுகிறீர்கள். எதிரே 80-இல் ஒருவர் வந்தால் அவரும் 155 மீட்டர் வருகிறார். 310 மீட்டர் என்பது இருவரும் மூக்கோடு மூக்கு உரசும் தூரம். பாதுகாப்புக்கு அரைக் கிலோமீட்டர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். வளைவு, மேடு, பாலம், கடைவீதி, இவற்றில் அது தெரியாது. அங்கே முந்தவே கூடாது. நடுக்கோடு விட்டுவிட்டு இருந்தால் முந்தலாம், தொடர்ச்சியாக இருந்தால் கூடாது. இரண்டும் சேர்ந்திருந்தால் உங்கள் பக்கம் இருக்கும் கோடுதான் உங்களுக்கு.

முன் லாரியின் இண்டிகேட்டரை நம்பி முந்துவதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நம் பக்கம் லாரிக்காரர் இடது இண்டிகேட்டர் போட்டால் 'வா, ரோடு காலி' என்றும், வலது போட்டால் 'வராதே, எதிரே வண்டி' என்றும் பொருள். ஆனால் வலது இண்டிகேட்டருக்கு 'வலதில் திரும்புகிறேன்' என்றும் பொருள் உண்டு. வெளிமாநில லாரியில் அதையே 'வலதில் முந்திக்கொள்' என்றும் போடுவார்கள். ஒரு மாலை, கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, ஒரு லாரி இடது இண்டிகேட்டர் காட்டியது. நான் கிளம்பிவிட்டேன். பாதி தூரத்தில் எதிரே ஹெட்லைட் இல்லாத ஒரு பைக், அதன் மேல் இரண்டு பேர். லாரிக்காரருக்கும் அது தெரிந்திருக்காது. பிரேக் போட்டுப் பின்வாங்க எனக்கு இடமில்லை, பின்னால் இன்னொரு கார் என் இடத்தில் புகுந்துவிட்டது. அந்த நேரத்தில் லாரி தன் இடது சக்கரங்களை மண்ணில் இறக்கியது. தேங்காய் லோடு சாய்ந்து ஆடியது, புழுதி எழுந்தது. அந்த இடைவெளியில் நான் உள்ளே வந்தேன். பைக் என் வலது கண்ணாடியை உரசாமல் போனது. லாரிக்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே ஒரு கையை நீட்டி 'மெதுவா, மெதுவா' என்று கீழே அழுத்திக் காட்டினார். நான் திட்டிக்கொண்டே முந்தப் பார்த்த வண்டி அது.

அன்றிலிருந்து யார் இண்டிகேட்டரும் எனக்குத் தகவல் மட்டும்தான், அனுமதி இல்லை. என் கண்ணுக்கு ரோடு தெரிந்தால் போவேன்.

ஹெட்லைட்டும் அப்படித்தான். எதிரே வருபவர் லைட் அடித்தால் நம் ஊரில் 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்து ஓட்டும் சிலர் அதை 'நீங்கள் போங்கள்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி வந்தவர் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள்.

காற்று, சுரங்கம், சீசன்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று பைக்கை உலுக்கும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்திருப்பது சும்மா இல்லை. உயரமான கண்டெய்னர் லாரியின் பின்னால் இருக்கும்போது காற்று அடங்கியிருக்கும். முந்தி அதன் மூக்கைத் தாண்டும் நொடியில் எதிர்க்காற்று நெஞ்சில் அறையும், பைக் லாரிப் பக்கம் சாயும். லாரிக்கும் உங்களுக்கும் ஒரு கை நீளம் கூடுதலாக விட்டு, கைப்பிடியை இறுக்காமல், முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு போங்கள். காரில் போகிறவர்கள் அந்தப் பைக்குக்குப் பக்கத்தில் ஒட்டிப் போகாதீர்கள்.

குதிரான் இரட்டைச் சுரங்கத்தில், 2021 ஜூலை 31-இல் முதல் குழாய் திறந்ததிலிருந்து திருச்சூர்ப் பயணம் எளிதாகிவிட்டது. நுழையும் முன்னரே டிராக்கை முடிவு செய்து, ஹெட்லைட் போட்டு, வெளியே வரும்வரை அதிலேயே இருங்கள்.

கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வேன்கள். இரவெல்லாம் ஓட்டிவந்து, வழி தெரியாமல், தூக்கக் கண்ணோடு வலது டிராக்கில் 50-இல் போவார்கள். அவர்களிடம் ஹாரனைவிடத் தூரம்தான் வேலை செய்யும். விலகி, கடந்து, போய்விடுங்கள்.

சண்டை வந்துவிட்டால்

பின்னால் ஒட்டுகிறார் என்று பிரேக் அடித்துப் பயமுறுத்தாதீர்கள். இடித்தால் உங்கள் பின்சீட்டில் இருக்கும் குழந்தைக்குத்தான் முதல் அடி. வேகம் கூட்டி ஓடவும் வேண்டாம். அதே வேகத்தில் இடதுக்கு வந்து, அவரைப் போகவிடுங்கள்.

அவர் முந்தி வந்து உங்கள் முன்னால் மெதுவாக்கி மறித்தால், ஆள் இல்லாத இடத்தில் இறங்காதீர்கள். வாளையார்க் காட்டுப் பகுதியில் நிறுத்தவே வேண்டாம். கதவைப் பூட்டி, டோல்கேட்டுக்கோ பெட்ரோல் பங்குக்கோ ஓட்டிப் போங்கள். 112-க்கு அடிக்கலாம், தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. நம்பரைப் பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும், ஓட்டுபவர் போனைத் தொட வேண்டாம். விதிக்குப் புறம்பாக முந்துவதும் ஆபத்தாக ஓட்டுவதில் சேரும் என்று அதே சட்டத்தின் 184-ஆம் பிரிவில் 2019-இல் சேர்த்திருக்கிறார்கள். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையோ உண்டு. டேஷ்கேமரா இருந்தால் வாய்ப்பேச்சுக்கு வேலை இல்லை.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பேசாதீர்கள். 'கேரளா வண்டி இப்படித்தான்', 'தமிழ்நாட்டு வண்டி அப்படித்தான்' என்று ஒருவர் ஆரம்பித்த நிமிடம், இரண்டு பேர் சண்டை இருபது பேர் சண்டை ஆகிவிடுகிறது. என் வீட்டில் ஒரு காருக்கு டி.என். பிளேட், வேலந்தாவளத்தில் இருக்கும் என் மாமா வீட்டுக் காருக்கு கே.எல். பிளேட். இரண்டையும் ஓட்டுவது நான்தான். "சேட்டா, ஸாரி, பார்க்கல" என்று ஒரு வார்த்தை சொல்லி, கையைத் தூக்கிக் காட்டினால் பத்தில் ஒன்பது பேர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவசரம் என்றால் ஒரு கணக்கு. வாளையாரிலிருந்து வடக்கஞ்சேரி ஏறக்குறைய 54 கிலோமீட்டர். தடையே இல்லாமல் 100-இல் போனால் 32 நிமிடம், 80-இல் போனால் 40. அந்த எட்டு நிமிடத்தைச் சந்திராநகர் சிக்னலும் டோல்கேட் வரிசையும் பெரும்பாலும் திருப்பி வாங்கிக்கொள்கின்றன. பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவதை நான் பழக்கிக்கொண்டேன். காலை 6:40-க்குப் பதில் 6:30.

கடைசியாக, சைடு கொடுத்தவரைத் தாண்டிய பிறகு ஒரு சின்ன ஹாரன், அல்லது கண்ணாடியில் தெரியும்படி ஒரு கை. லாரிக்காரர்கள் இதற்குப் பதில் லைட்டை ஒரு முறை சிமிட்டுவார்கள். காலையில் அந்தச் சிமிட்டல் கிடைத்தால், அடுத்து வலதில் போகும் வண்டிக்குப் பின்னால் இன்னும் ஐந்து வினாடி காத்திருக்க எனக்கு முடிகிறது.